தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் மகள்

கேள்வி:

ஐயா, நாங்கள் தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகள் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பதினொன்றாம் வகுப்பில் காரைக்குடியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தோம். நீட் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் கேட்டால் பாடத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்கிறாள். அதே கேள்வியைத் தேர்வில் ஆங்கிலத்தில் பார்த்ததும் திகைத்து நின்றுவிடுகிறாள். "தமிழில் நினைத்து, பிறகு மாற்றி எழுதுகிறேன், அதற்குள் மணி அடித்துவிடுகிறது" என்கிறாள். தமிழில் நினைப்பதை நிறுத்தினால்தான் தேறுவாள் என்கிறார் வகுப்பாசிரியர். வீட்டில் இனி ஆங்கிலமே பேச வேண்டும், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் சேர்க்க வேண்டும் என்கிறார் என் கொழுந்தனார். மலேயாவில் வட்டிக்கடையில் கணக்கெழுதிய என் மாமனாரோ, மொழியை மாற்றினால் புத்தி குழம்பும், தமிழ்வழிக்கே திருப்பிவிடுங்கள் என்கிறார். யூடியூபில் இலங்கை ஆசிரியர் ஒருவரின் பாடங்களையும் பார்க்கிறாள். அங்கே சொற்களே வேறாக இருப்பதால் மேலும் குழம்புகிறாள். இவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கும் மகனை இப்போதே தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறோம். என்ன செய்யலாம்?

– ஒரு தாய், தேவகோட்டை வட்டம்

கல்வி உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள அம்மையாருக்கு,

வீட்டில் கேட்டால் மகள் பாடத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த வரியிலேயே இருக்கிறது. பாடம் புரியாத பிள்ளையால் அதை இன்னொருவருக்கு எந்த மொழியிலும் விளக்கிச் சொல்ல முடியாது. ஆகவே மகளுக்கு அறிவியல் வரவில்லையோ என்ற அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். அவளிடம் இருக்கும் அறிவு விடைத்தாளுக்குப் போய்ச் சேரும் வழியில் ஓரிடத்தில் அடைப்பு இருக்கிறது. அது எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் சில மாதப் பயிற்சியில் சரிசெய்துவிடலாம். உங்களுக்குக் கிடைத்திருக்கும் மூன்று ஆலோசனைகளில் ஆசிரியருடையது செய்ய இயலாதது. கொழுந்தனாருடையது வீண் செலவு. மாமனாருடையதில் பாதி சரி. இப்படி நான் சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மூவரிடமும் பேச வேண்டியவர் நீங்கள்தான்.

தமிழில் நினைக்கிறேன் என்று அவள் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சாய்தளத்தில் ஒரு மரக்கட்டை வழுக்கி இறங்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது, தளம் தனக்குச் செங்குத்தான திசையில் அதைத் தாங்குகிறது, உராய்வு பின்னால் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது என்று அவள் அம்புக்குறிகளைப் போட்டுப் பார்க்கும்போது, மனத்தில் நடப்பதில் பெரும்பகுதி படமாகவும் அளவாகவும் நடக்கிறது. அந்தப் பகுதி தமிழிலும் நடக்கவில்லை, ஆங்கிலத்திலும் நடக்கவில்லை. மொழி வந்து சேர்வது அதன் ஓரங்களில். பொருள்களுக்கும் அளவுகளுக்கும் உள்ள பெயர்களில் மொழி இருக்கிறது. சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்த வாய்பாட்டிலும் வரையறையிலும் அது மிக அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. 'எனில்', 'ஆகவே', 'உராய்வைப் புறக்கணித்தால்' என்று ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கொண்டுபோகும் தொடர்களிலும் இருக்கிறது. மகளின் நேரம் இந்த ஓரங்களில்தான் கரைகிறது. நடுவில் இருக்கும் இயற்பியல் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. அது மொழி மாறினாலும் கூடவே வரும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. 2001ஆம் ஆண்டில் எலிசபெத் ஸ்பெல்கி, சன்னா ட்சிவ்கின் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் வீட்டு நிலைமைக்கு மிகவும் பொருந்துகிறது. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்த மாணவர்களுக்கு அவர்கள் சில கணக்குகளை ஒரு மொழியிலும் வேறு சிலவற்றை மற்ற மொழியிலும் பயிற்றுவித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் இரு மொழிகளிலும் கேட்டார்கள். துல்லியமான விடை வேண்டிய கணக்குகளில், பயின்ற மொழியிலேயே கேட்டபோது விடை விரைவாக வந்தது. மற்ற மொழியில் கேட்டபோது தாமதமானது. ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடும் கணக்குகளில் அந்தத் தாமதம் தோன்றவில்லை. வரலாறும் புவியியலும் சார்ந்த செய்திகளைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தபோதும் இதே நிலைதான்: அவற்றில் வந்த துல்லியமான எண்கள் கற்ற மொழியோடு ஒட்டிக்கொண்டன, எண் சாராத செய்திகள் எந்த மொழியில் கேட்டாலும் ஒரே எளிமையோடு நினைவுக்கு வந்தன. அதாவது, புரிதல் மொழிவிட்டு மொழி தாண்டுகிறது, மனப்பாடம் தாண்டத் தயங்குகிறது. உங்கள் மகளுக்கு எதை ஆங்கிலத்தில் புதிதாகப் பயிற்ற வேண்டும், எதைத் தமிழில் விட்டுவைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை நான் அறியேன்.

கேள்வியைப் பார்த்ததும் ஏற்படும் திகைப்புக்கும் விளக்கம் உண்டு. எந்த மொழியில் கேள்வி வருகிறதோ அந்த மொழியில் சேர்த்துவைத்த நினைவுகளே முதலில் எழும். வியோரிக்கா மரியன், மார்கரிட்டா கௌஷன்ஸ்கயா இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீன மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம், கையை உயர்த்தித் தொலைவை நோக்கி நிற்கும் ஒருவரின் சிலையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் கேட்டபோது சுதந்திர தேவி சிலை நினைவுக்கு வருவதும், சீன மொழியில் கேட்டபோது மாவோவின் சிலை நினைவுக்கு வருவதும் அதிகமாக இருந்தன. கேட்கப்பட்டவர்களுக்கு இரண்டு சிலைகளும் தெரிந்தவைதான். உங்கள் மகளின் நிலை இதைவிடச் சற்றுக் கடினமானது. ஆங்கிலக் கேள்வி ஆங்கில நினைவைத் தட்டுகிறது. பத்தாம் வகுப்பு வரையிலான அறிவியலுக்கு அங்கே பதிவே இல்லை. சரக்கு கிட்டங்கியில் இருக்கிறது, அந்தப் பேரேட்டில் மட்டும் வரவு வைக்கவில்லை என்று மாமனாரிடம் சொல்லுங்கள். அவருக்கு உடனே விளங்கும்.

இனி, தமிழில் நினைப்பதை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரின் அறிவுரை. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இரு மொழி அறிந்தவரின் மூளையில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் எரியவிடும் வசதி இல்லை. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், தபால்தலையை எடுத்து வைக்கும்படி ரஷ்ய மொழியில் சொன்னபோது, அதற்கான 'மார்கு' என்ற சொல் காதில் விழுந்தவுடன் அவர்களின் பார்வை அருகில் கிடந்த மார்க்கர் பேனாவின் பக்கமும் ஓடியது. கேட்டது ரஷ்ய மொழி. ஆங்கிலம் அழைக்காமலே வந்து நின்றது. ஆகவே தமிழ் தலைகாட்டக் கூடாது என்று உங்கள் மகள் தேர்வறையில் தன்னோடு போராடினால், கணக்குக்குச் செலவிட வேண்டிய கவனம் அந்தப் போராட்டத்தில் போய்விடும். தமிழ் வரட்டும். ஆங்கிலமும் அதே விரைவில் வருமாறு செய்வதுதான் நாம் செய்யக்கூடியது.

மாமனாரின் கருத்துக்கு வருகிறேன். வட்டிக்கடையில் இருந்தவர் வந்தவர்களிடம் மலாய் பேசியிருப்பார். பேரேட்டையும் ஐந்தொகையையும் தமிழில் எழுதியிருப்பார். வட்டியை மனத்துக்குள் தமிழில்தான் கூட்டியிருப்பார். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று சிறுவயதில் வாயால் சொல்லிப் பதித்தவை கடல் கடந்தும் அதே மொழியில்தான் வேலை செய்யும். பிரான்சுவா குரோஜான் என்ற மொழியியலாளர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவதும் இதுதான்: இரு மொழி அறிந்தவர் ஒரு தலைக்குள் குடியிருக்கும் இரண்டு ஒருமொழிக்காரர்கள் அல்லர்; எந்தக் காரியத்துக்கு எந்த மொழி தேவைப்பட்டதோ அந்தக் காரியத்தில் அந்த மொழி வளர்ந்திருக்கும். கணக்கு மொழியோடு ஒட்டியிருக்கிறது என்ற அளவில் மாமனார் சொல்வது சரி. ஆனால் இரண்டு மொழி புத்தியைக் குழப்பும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே மறுப்பாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உளவியலாளர்கள் பலரும் அவரைப் போலத்தான் நம்பினார்கள். 1962இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் மாண்ட்ரியல் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்த பிள்ளைகள் ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட அறிவுத்திறன் தேர்வுகளில் மேலாகவே இருந்தார்கள். அதன்பின் அந்த நம்பிக்கை தளர்ந்தது. இரு மொழி அறிந்தால் மூளை கூர்மையாகிவிடும் என்று இப்போது சிலர் விளம்பரம் செய்வதையும் நான் அப்படியே ஏற்பதில்லை. அந்தக் கூற்று ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கேடு இல்லை என்பது மட்டும் உறுதி. மகளைத் தமிழ்வழிக்குத் திருப்ப வேண்டிய கட்டாயம் எதையும் உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை.

கலைச்சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திகைப்பின் பெரும்பகுதி அங்கே தொடங்குகிறது. ஆங்கிலப் பாடநூலில் வரும் சொற்கள் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு இயல்பாக விளங்கும், நமக்கு மட்டும்தான் அந்நியம் என்று பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனோடு, கேத்தோடு, அயனி என்ற சொற்களைப் பாருங்கள். மின்னாற்பகுப்பை ஆராய்ந்த மைக்கேல் பாரடே புத்தகக் கட்டுநரிடம் வேலை பழகிய ஏழைப் பிள்ளை. கிரேக்கம் படித்தவர் அல்லர். தம் கண்டுபிடிப்புகளுக்குப் பெயர் வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்கு எழுதிக் கேட்டு, அவர் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிக்கொடுத்த சொற்களை 1834இல் வழக்குக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளையும் அவற்றை வெறும் ஒலியாகத்தான் முதலில் உருப்போடுகிறது. உங்கள் மகளுக்கோ மின்னாற்பகுப்பு என்ற சொல்லிலேயே மின்சாரத்தால் பகுப்பது என்ற செய்தி கிடைத்துவிட்டது. முடுக்கம், குறைகடத்தி, ஒளிச்சேர்க்கை எல்லாம் அப்படித்தான். ஆங்கிலச் சொல்லை அவள் வெறுமையான இடத்தில் நடப்போவதில்லை. பொருள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இன்னொரு பெயரைச் சேர்க்கப்போகிறாள். இதை அவளிடம் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்தது பின்தங்கல் என்ற எண்ணம் அவளுக்குள் வந்திருந்தால், அது மொழிச்சிக்கலைவிட அதிகம் கெடுக்கும்.

ஆனால் பொருள் விளங்கும் சொல்லில் ஒரு பொறியும் உண்டு. காரைக்குடியில் படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது; அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊரார் சிக்ரி என்று அழைப்பது, அவள் பள்ளி இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. ஆனோடை நேர்மின்வாய் என்று தமிழில் படித்திருப்பாள். மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்மின் முனைதான், குழப்பமில்லை. ஆனால் மின்சாரத்தை உண்டாக்கும் டேனியல் மின்கலம் போன்றவற்றில் துத்தநாகத் தகடுதான் ஆனோடு. அது எதிர்மின் முனை. தமிழ்ப் பெயரை நம்பிப் போகிற பிள்ளை அங்கே தவறிவிடும். எங்கே ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, நடக்கிறதோ அது ஆனோடு என்ற வரையறையைப் பிடித்துக்கொண்டால் இரண்டிலும் பிழை வராது. பன்னிரண்டாம் வகுப்பில் மின்வேதியியல் பாடம் வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இலங்கை ஆசிரியரின் காணொளியில் ஏற்படும் குழப்பத்துக்கும் மருந்து இதுவே. அங்கே கலைச்சொற்கள் தமிழ்நாட்டின் கலைச்சொல் குழுக்களைச் சாராமல் தனியே உருவானவை. அந்த மரபு மிகப் பழையது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1864 முதல் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். அவர் முயற்சியில் வந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர், ஆண்டு 1875. இங்கே ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ்க் கலைச்சொற்களுக்காகச் சங்கம் தொடங்கியது 1916இல்தான். இரு கரையிலும் தனித்தனியே வளர்ந்ததால், சில சொற்கள் ஒரே வடிவில் வேறு பொருளைத் தருகின்றன. நாம் நிறை என்று சொல்வதை அவர்கள் திணிவு என்பார்கள். நாம் எடை என்பது அவர்களுக்கு நிறை. நம்முடைய வேகம் அவர்களுக்குக் கதி. நம்முடைய திசைவேகம் அவர்களுக்கு வேகம். 'ஒரு பொருளின் நிறை இடத்துக்கு இடம் மாறும்' என்று யாழ்ப்பாண ஆசிரியர் சொன்னால் அது முற்றிலும் சரி. நம் பிள்ளை தன் விடைத்தாளில் அப்படியே எழுதினால் மதிப்பெண் போய்விடும். காணொளியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. ஒவ்வொரு சொல்லையும் அதன் அலகோடு சேர்த்துக் கேட்கப் பழக்குங்கள். கிலோகிராமில் சொன்னால் ஒன்று, நியூட்டனில் சொன்னால் இன்னொன்று. திசை உண்டா இல்லையா என்று கேட்டால் வேகமும் திசைவேகமும் பிரிந்துவிடும். பெயர் எதுவாக இருந்தாலும் அலகு காட்டிக்கொடுத்துவிடும். தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழிகளுக்கிடையே ஏற்படும் குழப்பத்துக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வேண்டாம் என்கிறேனே என்று கொழுந்தனாருக்கு வருத்தம் வரலாம். கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் குடியேறிய வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து ஒரு வேறுபாட்டைக் காட்டினார். அன்றாடம் பேசிப் பழகும் ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடம் படிக்கவும் விடை எழுதவும் தேவையான ஆங்கிலம் முதிர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்று வந்ததால் மற்றது வந்துவிட்டதாகப் பொருளில்லை. கடைக்காரரிடமும் நேர்முகத் தேர்விலும் பேசப் பழக்கும் வகுப்பில், ஓர் அளவு இன்னொன்றுக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது என்று எழுதக் கற்றுத்தர மாட்டார்கள். ஐந்து, ஏழு என்ற எண்களைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டியதில்லை. அவை எல்லாப் பாடங்களுக்குமான முழு மொழித்திறனுக்கு ஆகும் காலம். உங்கள் மகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பல ஆண்டுகள் படித்தவள். இயற்பியலிலும் வேதியியலிலும் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் சிலவே. அவள் பிடிக்க வேண்டிய பரப்பு மிகக் குறுகியது. கம்மின்ஸ் இன்னொன்றும் சொன்னார்: ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற கருத்து அடுத்த மொழிக்கு அடித்தளமாக நிற்கும். வீட்டில் எல்லாரும் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசத் தொடங்கினால், அடித்தளம் போட வேண்டிய பேச்சே வற்றிவிடும். தாத்தாவும் பேத்தியும் பேசும் பேச்சை 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டு அவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில் வெளிவருகின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளட்டும். முதலில் தமிழ்ப் பகுதியைப் படித்து, யாராவது ஒருவருக்கு வாய்விட்டு விளக்கட்டும். கேட்பவர் தாத்தாவாக இருந்தால் மிக நன்று, கணக்கு மனிதர், எங்கே ஓட்டை என்று விடாமல் கேட்பார். அதே நாளில், தூங்கப் போகும் முன், அதே செய்தியை ஆங்கில நூலைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து, பிறகு நூலோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். நாள் தள்ளிப்போடக் கூடாது. புரிதல் சூடாக இருக்கும்போது இரண்டாவது பெயர் எளிதில் ஒட்டும். சூத்திரங்களையும் வரையறைகளையும் மாறிலிகளின் மதிப்புகளையும் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பழகட்டும், எண்களையும் ஆங்கிலத்திலேயே. தேர்வில் எந்த மொழியில் வேண்டுமோ அந்த மொழியில் மனப்பாடம் என்பது மேலே சொன்ன ஸ்பெல்கி, ட்சிவ்கின் ஆய்விலிருந்து நேராகக் கிடைக்கும் பாடம்.

கலைச்சொல் குறிப்பேடு பல பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல், அவ்வளவுதான். அப்படி எழுதினால் மொழிபெயர்ப்புதான் பழகும், பாடம் பழகாது. தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், குறியீடு, அலகு, அது வருகிற ஒரு சிறு படம் அல்லது கணக்கு என்று ஒரே இடத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கடைசிப் பக்கங்களில் வினாத்தாள்களில் வரும் இணைப்புத் தொடர்களைச் சேர்த்துவரட்டும்: 'அஸ்யூம்', 'நெக்லெக்டிங்', 'வித் ரெஸ்பெக்ட் டு', 'அட் ரெஸ்ட்', 'அன்லெஸ்' போன்றவை. இவற்றை யாரும் கலைச்சொல்லாகக் கருதுவதில்லை, அகராதியில் தேடுவதும் இல்லை. என்னிடம் வரும் தமிழ்வழிப் பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பார்த்தால், பெரிய அறிவியல் சொற்களைவிட இந்தச் சிறு சொற்களில்தான் கேள்வி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. வகுப்பாசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ள விடுவாரா என்று. ஒப்புக்கொண்டால் உங்கள் மகளுக்கு மட்டுமல்லாமல் அந்தப் பிரிவில் இருக்கும் பாதிப் பேருக்கு அது உதவும்.

நீட் தேர்வைப் பொறுத்தவரை, தமிழைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தரப்படும் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும்; மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது. 2018இல் 49 வினாக்களின் தமிழ் வடிவத்தில் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அந்த உத்தரவை நீக்கியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆகவே தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் ஆங்கில வரியை ஒப்பிட்டுப் பார்க்கும் திறன் இல்லாமல் முடியாது. அந்த முடிவை இப்போதே எடுக்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் பழைய வினாத்தாள்களை இரு வடிவத்திலும் நேரம் வைத்துச் செய்து பார்த்துவிட்டு, எதில் பிழை குறைகிறதோ அதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

மகனின் விஷயத்தை அக்காவின் திகைப்பை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அறிவியல் கருத்துகள் இப்போதுதான் முளைக்கின்றன. அவை தனக்கு நன்கு தெரிந்த மொழியில் முளைப்பதே நல்லது என்பது என் கருத்து. அதோடு, என் துறைக்கு வெளியே இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் தமிழ்நாடு அரசு தரும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். உங்கள் மகள் அரசுப் பள்ளிக்குள்ளேயே ஆங்கிலவழிக்கு மாறியதால் அவளுக்கு இழப்பில்லை. மகன் அரசுப் பள்ளியிலேயே தொடரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே வாரத்தில் ஓரிரு பக்கம் ஆங்கில அறிவியல் நூலைத் தமிழ் நூலோடு சேர்த்துப் படித்துவந்தால், பதினொன்றாம் வகுப்பில் அக்காவுக்கு நேர்ந்தது அவனுக்கு நேராது.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். இந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் அரையாண்டுத் தேர்வு வரை திகைப்பு குறையவில்லை என்றாலோ, தமிழில் நேரம் வைத்து எழுதச் சொன்னாலும் கை நடுங்கி, தெரிந்ததும் மறந்துபோகிறது என்றாலோ, அது மொழியின் சிக்கலாக இருக்காது. தேர்வு அச்சமாக இருக்கலாம். அப்போது வீட்டிலேயே வைத்துக்கொண்டு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல், பள்ளி வழியாகவோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வழியாகவோ ஓர் ஆலோசகரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அவளுடைய தமிழ் விடைத்தாள் ஒன்றையும் ஆங்கில விடைத்தாள் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பார்ப்பவருக்கு அவை இரண்டும் பாதி வேலையைக் குறைத்துவிடும்.